கடைசி சோடி வரும்வரை

நாகஜோதி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தபோது நான் கருப்பர் கோயிலுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். நான் ஐந்தாவது வரைக்கும் போனேன் என்பதால் ரேஷன் கடைத் தாளோ, மகளிர் குழுக் கடிதமோ, எழுத்தாக எது வந்தாலும் என்னிடம்தான் தூக்கி வருவாள்.

"யக்கா, இதுல எம்மவன் பேரு எங்குட்டு இருக்குன்னு காட்டுங்க. அவங்கிட்டக் கேக்க மனசு வரல."

தேடிக் காட்டினேன். பதினோராவதாக இருந்தது. தேவா, தகப்பன் பெயர் முத்துக்கண்ணன், வயது இருபத்தாறு. பெயர்களுக்கெல்லாம் மேலே 'எதிரிகள்' என்று போட்டிருந்தது. அதையும் சேர்த்து வாசித்தேன். அவள் அந்த வரியில் விரலை வைத்தவள் எடுக்கவில்லை.

"யாருக்கு எதிரியாம்க்கா?"

கேஸ் தாளில் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொன்னேன். அவன் செய்த குற்றம் என்ன என்று கேட்டாள். அதையும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் நடந்த மாட்டுவண்டிப் பந்தயத்தைக் கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

"அவன் பாக்கவே இல்லையேக்கா" என்றாள்.

அது எனக்கும் தெரியும். நானும் அங்கேதான் நின்றேன். அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் நாகஜோதியின் கதையை நானே எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். என் கருப்பருக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. மனுசர்களுக்கும் தெரியட்டும்.

நாகஜோதி ஒக்கூரில் பிறந்தவள். கீழச்சிவல்பட்டியிலிருந்து உள்ளே பிரிகிற சாலையில் எங்கள் ஊர். பத்தொன்பது வயசில் இங்கே வாழ வந்தாள். புருசன் முத்துக்கண்ணன் கூலிவேலைக்காரன். ஆனால் வண்டிப் பந்தயம் என்றால் உயிர். அவனுக்குச் சொந்தமாக மாடு கிடையாது. யார் வீட்டுப் பந்தய மாடாக இருந்தாலும் போய்க் குளிப்பாட்டுவான், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவான். "கட்டுன பொண்டாட்டிக்கு ஒருநாள் கால் பிடிச்சிருப்பீகளா?" என்று நாகஜோதி கேட்பாள். "நீ எட்டு மைல் ஓடிட்டு வா, பிடிச்சுவிடுறேன்" என்பான். எனக்கு இரண்டு வீடு தள்ளி அவர்கள் வீடு. இந்தப் பேச்செல்லாம் சுவரைத் தாண்டி வந்து விழும்.

தேவா இரண்டாவது படிக்கிறபோது, கடலை பிடுங்கப் போன இடத்தில் முத்துக்கண்ணனை விரியன் கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாகஜோதிக்கு அப்போது முப்பது வயசு ஆகவில்லை. அண்ணன்மார் வந்து ஒக்கூருக்குக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. "எம்மவன் அவுக அப்பா நடந்த ரோட்டுல நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்தூரில் மெய்யம்மை ஆச்சியின் பெரிய வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வளவு உள்ள வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூணுமாக இருப்பதைத்தான் வளவு என்பது. ஆச்சியின் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். வீட்டில் பாதியைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். விடிந்ததும் போய், அத்தனை தரையையும் கூட்டித் துடைத்து, அத்தனை தூணையும் எட்டினமட்டும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அவள் குனிந்து தரை துடைப்பதை வெள்ளைக்காரர்கள் படம் பிடிப்பார்களாம்.

"எம்படம் எத்தன தேசத்துல இருக்கோ. எல்லாத்துலயும் முதுகுதேன் இருக்கும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

தேவா பன்னிரண்டாவது முடித்து, கல்லூரியும் முடித்தான். போலீஸ் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதம். வெள்ளெனக் கண்மாய்க் கரையில் ஓடுவான். காலில் செருப்பு இருக்காது. அந்தத் தேர்வில் கயிறு ஏறச் சொல்வார்களாம். அவர்கள் வீட்டில் மரம் இல்லாததால் என் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தில் கயிறு கட்டினான். ஏறி ஏறி இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துபோயிருக்கும். நாகஜோதி மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்துத் தடவிவிடுவாள்.

"எரியுதும்மா."

"அப்ப வேற வேலைக்குப் போ."

"வேற வேலைன்னா எரியாதா?"

"அது வயித்துல எரியும். கையைக் காட்டு."

முதல் தடவை எழுத்துத் தேர்வில் போயிற்று. இரண்டாம் தடவை எழுத்தில் தேறி, கயிற்றில் பாதியில் கை வழுக்கி இறங்கிவிட்டான். அன்று வந்தவன் சாப்பிடவில்லை. நாகஜோதி நேரே கண்மாய் மடைக்குப் போனாள். எங்கள் மடைக்கருப்பர் மடைக்கு மேலேதான் இருக்கிறார், கூரை கிடையாது. நான் பூப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவள் வாய்விட்டுச் சொன்னது என் காதில் விழுந்தது.

"அய்யா கருப்பா, எம்புள்ளைய அந்தக் கயித்துல ஏத்திவிடு. உன் மாடுகளுக்கு நான் கால் நனைக்கிறேன்."

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். வைகாசியில் கருப்பருக்குப் படையல் போடுகிற அன்று காலையில் எங்கள் ஊரில் வண்டிப் பந்தயம் நடக்கும். ஊர் எல்லைக்கல்லில் புறப்பட்டு நான்கு மைல் போய்த் திரும்பி அதே கல்லுக்கு வர வேண்டும். கல்லைத் தாண்டி, மூச்சு வாங்கி நிற்கிற மாடுகளின் காலில், நேர்ந்துகொண்ட பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட கண்மாய்த் தண்ணீரை ஊற்றுவார்கள். அதுதான் கால் நனைப்பது. முதலில் வந்த சோடிக்கு ஊற்றினால் போதாது. கடைசியாக வருகிற சோடிக்கும் ஊற்ற வேண்டும். ஜெயித்ததும் அவர் மாடு, தோற்றதும் அவர் மாடு. மிச்சத் தண்ணீரைக் கொண்டுவந்து மடையில் கவிழ்த்தால்தான் நேர்த்தி முடியும். அதுவரை குடம் தரையில் படக்கூடாது. பட்டால் நேர்ந்துகொண்டது பலிக்காது என்பார்கள். அப்படித்தான் என் தாயார் எனக்குச் சொன்னார். நானும் இரண்டு தடவை நனைத்திருக்கிறேன்.

மூன்றாம் தடவை தேவா கயிறு ஏறிவிட்டான். உச்சியைத் தொட்டுவிட்டுக் கீழே பார்த்தபோது அம்மா முகம்தான் தெரிந்தது என்றான். தேர்வானவர்கள் வரிசையில் அவன் எண் வந்துவிட்டது. மெய்யம்மை ஆச்சி வீட்டில் அன்று இனிப்புச் சீயம் சுட்டு நாகஜோதியிடம் கொடுத்து அனுப்பினார்கள். அதில் நான்கு எனக்கு வந்தது.

"இனிமே என்னப்பா பாக்கி?" என்று கேட்டேன்.

"டாக்டர் பாக்கணும். அப்பறம் நம்ம ஸ்டேசன்ல இருந்து விசாரிப்பாக பெரியம்மா, எம்மேல கேஸ் ஏதும் இருக்கான்னு. அம்புட்டுத்தேன்."

வேல்பாண்டி எங்கள் ஊரின் வாயாடி. தேவாவுக்கு மாமன் முறை. அவனைக் கண்ட இடத்திலெல்லாம் சல்யூட் அடிக்க ஆரம்பித்தார்.

"ஏட்டையா, நாளைக்கு நான் ஹெல்மெட் போடாம வருவேன். மாமன்னு கண்ணை மூடிக்கிறணும்."

"மொதக் கேஸே உங்களுக்குத்தேன் மாமா. அதுல மாத்தமே இல்ல."

"நன்றி கெட்ட பய. உனக்குப் பல்லு முளைச்சப்ப மொதக் கடி வாங்குனவன்டா நானு."

அந்த வைகாசி வந்தது. முந்தின வருசம் வேறொரு ஊரில், பந்தயத்து வண்டி ஒன்று ஓரமாக நின்று பார்த்த கூட்டத்துக்குள் புகுந்து இரண்டு பேருக்குக் கால் போயிருந்தது. அதனால் பொதுச் சாலையில் பந்தயம் விட அனுமதி கேட்டால் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். தடுப்பு எங்கே, டாக்டர் எங்கே, ஆம்புலன்ஸ் எங்கே என்று. எங்கள் ஊர்க் கமிட்டி ஆட்கள் எழுதிக் கொடுத்தார்கள். அனுமதி வரவில்லை. "சாமிக்குச் செய்யிறதுக்கு எதுக்கு அனுமதி" என்று கமிட்டி ஆட்கள் மைக் இல்லாமல், நோட்டீஸ் இல்லாமல், வெள்ளென விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

இரண்டு நாள் முன்னால் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தது. அனுமதி இல்லாத பந்தயத்தை நடத்துகிறவர்கள் மேல் மட்டும் அல்ல, அதை வேடிக்கை பார்க்கிறவர்கள் மேலும் வழக்குப் போடப்படும் என்று சொல்லிக்கொண்டே போனது. குழாயடியில் ஒரே சிரிப்பு.

"பாத்தாக் கேஸா? அப்ப எங்க வீட்டு வாசல்ல நான் பல்லு வெளக்குறப்ப வண்டி போனா என்ன செய்ய?" என்றார் வேல்பாண்டி.

"கண்ணை மூடிக்கிட்டு வெளக்குங்க அண்ணே. இல்லாட்டி வெளக்காதீக. இப்ப மட்டும் தினமும் வெளக்குறீகளாக்கும்" என்றாள் நாகஜோதி. அவளும்தான் சிரித்தாள்.

ஆனால் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தபோது சிரிப்பு இல்லை. தேவாவும் கூட வந்தான்.

"யக்கா, இவன் இந்த வருசம் வேணாங்கிறான். எனக்கு ஒன்னும் புரியல. நீங்க சொல்லுங்க."

"அடுத்த வருசம் செஞ்சுக்கலாம் பெரியம்மா. வேலையில சேந்துட்டு, நானே லீவு போட்டுட்டு வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். கருப்பர் எங்க போயிறப் போறாரு?"

பிள்ளை சொன்னது நியாயம்தான். இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரியவில்லை. நான் பயந்தது வேறு. சாமி கொடுத்துவிட்டார், இவள் கடனை நிறுத்தி வைத்தால் கொடுத்ததை எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன்.

"நேந்ததைத் தள்ளிப் போடக்கூடாது நாகஜோதி. சாமி காரியமாக் குடத்தோட நிக்கிறவ மேல யாரு கேஸ் போடப் போறாக?" என்றேன்.

அவள் தேவாவைப் பார்த்தாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "சரிம்மா. நான் கொண்டுபோய் விடுறேன். ஆனா நான் பாக்க மாட்டேன்" என்றான்.

அன்று காலை நன்றாக வெளுத்திருந்தது. நானும், குடத்தோடு இன்னும் இரண்டு பெண்களும் நடந்து போனோம். நாகஜோதி கண்மாயில் முழுகி, மஞ்சள் சேலையோடு, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு தேவாவின் பைக்கில் வந்தாள். ஒரு பள்ளத்துக்கு ஒரு தரம் "மெல்லடா, மெல்லடா" என்று அவன் முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். குடத்துத் தண்ணீர் தளும்பி அவன் சட்டை முதுகு முழுக்க மஞ்சளாகியிருந்தது.

எல்லைக்கல் பக்கத்தில் ஒரு புளியமரம். மரம் இருந்த பக்கம் ரோட்டோரமாக ஆட்கள் நெருக்கி நின்றார்கள். எதிர்ப்பக்கம் கருவேலங்காடு. தேவா பைக்கை மரத்தடியில் நிறுத்திவிட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி வயல் பக்கமாகத் திரும்பி நின்றான். கையைக் கட்டிக்கொண்டான். வேல்பாண்டி விடவில்லை.

"என்ன ஏட்டையா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள கணக்கா வெக்கப்படுறீக?"

"ஆட்டோக்காரன் சொன்னது கேக்கல மாமா? நான் பாக்கல."

"காதைப் பொத்திக்க. கேட்டாலும் கேஸாம்."

வண்டிகள் புறப்பட்டன. ஒன்பது சோடி. அந்தச் சத்தம் பழகினவர்களுக்குத்தான் தெரியும். சலங்கையும் சக்கரமும் சாரதிகளின் கூவலும் ஒன்றாகச் சேர்ந்து தரையிலிருந்து காலுக்குள் ஏறும். முத்துக்கண்ணன் மகன் அவன். திரும்பிப் பார்க்க அவனுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! தோள் இரண்டும் விறைத்து நின்றது. திரும்பவில்லை. நான் பார்த்தேன்.

அரை மணி கழித்து முதல் சோடி திரும்பி வந்தது. ஜனம் ஆர்ப்பரித்தது. நாகஜோதி குனிந்து, இடுப்பில் இருந்த குடத்தை இறக்காமலே, கையால் தண்ணீரை மொண்டு எட்டுக் காலிலும் ஊற்றினாள். ஒவ்வொரு சோடிக்கும் உதடு அசைந்தது. அவள் மகன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டுச் சோடி வந்துவிட்டது. ஒன்பதாவது வரவில்லை. வளைவில் ஒரு மாடு சறுக்கி விழுந்து எழுந்து வருகிறது என்று சொன்னார்கள்.

அப்போதுதான் போலீஸ் வந்தது. ரோட்டு வழியாக வந்திருந்தால் எல்லாரும் முன்னாலேயே பார்த்திருப்பார்கள். வயல் நடுவில் ஓடுகிற வண்டிப்பாதை வழியாக, எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தார்கள். ஒருவர் செல்போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டே வந்தார். அவர்களை முதலில் பார்த்தவன் தேவாதான். அவன் ஒருவன்தானே அந்தப் பக்கம் பார்த்து நின்றான்.

"போலீசு!" என்று யாரோ கத்தியதும் கூட்டம் கருவேலங்காட்டுக்குள் சிதறியது. வேல்பாண்டி வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடிய வேகத்துக்கு அவரை வண்டியில் பூட்டியிருந்தால் முதல் பரிசு கிடைத்திருக்கும். கூட வந்த இரண்டு பெண்களும் குடத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

தேவா பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டான்.

"அம்மா, ஏறு! குடத்தோடயே ஏறு!"

"கடைசி சோடி வரலையேப்பா."

"அம்மா!"

"இந்தா, வளைவுல சத்தம் கேக்குதுடா. வந்துருச்சு. செத்த நேரம்."

அவள் என்னைப் பார்த்தாள். என் வாயில் அந்த வார்த்தைதான் வந்தது. "கீழ வச்சுறாத நாகஜோதி. முடிச்சுரு" என்றேன்.

தேவா பைக்கை அணைத்தான். பெற்றவளை விட்டுவிட்டு அவன் எப்படிப் போவான்? இறங்கி, அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

ஏட்டு கோட்டைச்சாமி முதலில் வந்து சேர்ந்தார். ஐம்பது வயசுக்காரர், நெற்றியில் திருநீறு. நாகஜோதியையும் குடத்தையும் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"ஊத்திக்கம்மா" என்றார். கடைசி சோடி நொண்டிக்கொண்டு வந்து நின்றது. அவள் ஊற்றி முடிக்கிறவரை அந்த மனுசர் காத்து நின்றார். மஞ்சள் தண்ணீரை மிதிக்காமல், பூட்ஸ் போட்ட காலை ஒரு அடி பின்னால் எடுத்து வைத்துக்கொண்டதைக் கூடக் கவனித்தேன். அவரைக் குறை சொல்ல என் நாக்கு எழாது.

பிறகு தேவாவைப் பார்த்தார். "பேரு?"

தேவா விறைப்பாக நின்று பேர் சொன்னான். தகப்பன் பேர் சொன்னான். கதவு எண் சொன்னான். செல்போன் எண் சொன்னான். ஏதோ அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிட்டவன் மாதிரி.

"ஓடுனவன் எல்லாம் ஓடிட்டான். நீ ஏம்ப்பா நின்ன?"

"நான் வேடிக்கை பாக்கல சார். அம்மாவைக் கூட்டிட்டு வந்தேன். நான் போலீசுக்கு செலக்ட் ஆயிருக்கேன் சார், கிரேடு டூ."

எழுதிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "ஏன்டா இதை மொதல்லயே சொல்லல?" என்றார், மெதுவாக. அதற்குள் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்துவிட்டார். பிடிபட்டவர்களை வரிசையில் நிறுத்தச் சொன்னார். தேவாவோடு சேர்த்து பதினோரு ஆம்பளைகள். பெண்களை எழுதவில்லை. கண்ணால் ஒன்பது சோடியையும் பார்த்த நானும் நாகஜோதியும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

அவள் போகவில்லை. மடைக்குப் போய் மிச்சத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, நனைந்த சேலையோடு ஸ்டேசனுக்கு நடந்தாள். நானும் போனேன். கேஸ் எழுதி முடித்து, சாயங்காலம் எல்லாரையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். மறுநாள்தான் அந்தத் தாளோடு என் வீட்டுக்கு வந்தாள்.

அதற்கப்புறம் அவள் ஏறாத படி இல்லை. முதலில் ஸ்டேசன். கோட்டைச்சாமி ஏட்டு அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"அய்யா, அவன் பேரை அடிச்சுட்டு எம்பேரை எழுதிக்கங்க. நான்தேன் பாத்தேன். ஒன்பது சோடியும் பாத்தேன். எந்த மாடு என்ன நெறம்னு வேணும்னாலும் கேளுங்க, சொல்றேன். அவன் முதுகைக் காட்டிட்டு நின்னான்யா."

"தெரியும்மா. அதேன் வினையாப் போச்சு. வீடியோவைப் போட்டுப் பாத்தாச்சு. எல்லாரும் ரோட்டைப் பாத்து நிக்கிறாக, எல்லாம் முதுகு. யாருன்னே தெரியல. இங்குட்டுத் திரும்பி நிக்கிறது உன் மகன் ஒருத்தன்தேன். முகம் பளிச்சுன்னு தெரியுது."

நாகஜோதி கேஸ் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுனதை நான் அழிக்க முடியாதும்மா. நானும் புள்ளகுட்டிக்காரன்" என்றார். வாசல் வரை வந்து எங்களுக்குப் பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

மெய்யம்மை ஆச்சி, காரைக்குடியில் தனக்குத் தெரிந்த வெங்கட்ராமன் வக்கீலிடம் எங்களை அனுப்பினார்கள். அவர் பீஸ் வாங்கவில்லை. தாளை இரண்டு தடவை படித்தார்.

"மத்த பத்துப் பேருக்கு இது ஒன்னுமே இல்லம்மா. குற்றத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டா முடிஞ்சது. உங்க பையன் ஒத்துக்கவும் முடியாது. ஒத்துக்கிட்டா குற்றவாளின்னு ஆயிடும். இல்லைன்னு வாதாடணும். அதுக்கு நாளாகும்."

"எம்புட்டு நாளு ஆகும்யா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போலீஸ் வேலைக்காக அவங்க விசாரிக்க வர்றதுக்குள்ள முடியாது."

அப்படித்தான் ஆயிற்று. மற்ற பத்துப் பேரும் ஒரு திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போய், அபராதம் கட்டிவிட்டு, வாசல் கடையில் டீ குடித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். தேவா மட்டும் வாய்தாவுக்கு வாய்தா போய்க்கொண்டிருந்தான். வேல்பாண்டி ஒருநாள் வந்து என் வீட்டு வாசலில் நின்று அழுதார். ஓடிப் பிழைத்தவர் அவர். "எம்பேரைக் குடுத்துர்றேன் அனுசுயா. நான்தேன் அந்த எடத்துல நின்னேன்னு சொல்லிர்றேன்" என்றார். "உங்க மூஞ்சி அவன் மூஞ்சி ஆயிருமா?" என்று கேட்டேன். கோபத்தில் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தேவாவுக்குச் சல்யூட் அடிப்பதை விட்டுவிட்டார். அவனைக் கண்டால் வேறு தெருவில் போய்விடுவார்.

வழக்கு நிலுவையில் இருப்பதால் தேர்வு ரத்து என்று ஆடி மாசம் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். ஒரு பக்கம்தான். வாசித்து முடித்ததும் நாகஜோதி அதை வாங்கி மடித்து முந்தியில் முடிந்துகொண்டு, ஆச்சி வீட்டுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். மத்தியானம் ஆச்சி எனக்குப் போன் போட்டார்கள்.

"அனுசுயா, செத்த வந்துட்டுப் போ. துடைச்ச தரையவே திரும்பத் திரும்பத் துடைச்சுக்கிட்டு இருக்கா. போதும்னா கேக்க மாட்டேங்கிறா."

போனேன். வளவு முழுக்கத் தண்ணீர் நின்றது. அவள் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். என்னை மன்னிச்சிரு என்று சொல்லத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"யக்கா, குடம் கீழ படலையேக்கா. நான் வைக்கவே இல்லையே."

"படலடி. நான் பாத்தேன்."

"கடைசி சோடிக்கும் ஊத்துனேன்ல?"

"ஊத்துன."

அவ்வளவுதான் கேட்டாள். அவள் கணக்கில் எங்கேயும் குறை இல்லை. குறை இருந்திருந்தால் அவளுக்கு ஒரு ஆறுதல் கிடைத்திருக்கும். எனக்கும் கிடைத்திருக்கும்.

ஒன்றேகால் வருசம் கழித்து, குற்றம் நிரூபணமாகவில்லை என்று கோர்ட்டில் தேவாவை விட்டுவிட்டார்கள். வக்கீல் சந்தோசமாகத்தான் சொன்னார். அதற்குள் அந்த வருசத்து ஆட்கள் எல்லாம் பயிற்சி முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். மறுபடி எழுத அவனுக்கு வயசு தாண்டிவிட்டது. ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து போனான். போகிற அன்று என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தவன், பின்னால் போய் வேப்பமரத்தில் கட்டின கயிற்றைச் சும்மா தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். "அவுத்துறட்டுமா பெரியம்மா? துணி காயப்போட எடைஞ்சலா இருக்கும்" என்றான். இருக்கட்டும் என்றேன். இன்னமும் அங்கேதான் தொங்குகிறது. அம்மா மேலோ என் மேலோ ஒரு வார்த்தை அவன் குறையாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நாகஜோதி கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வருவாள். கை கூப்புவாள். உதடு மட்டும் அசையாது.

"என்னடி வேண்டிக்கிட்ட?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒன்னும் கேக்கலக்கா. சும்மா பாத்துட்டுப் போறேன். கருப்பரைப் பாக்குறதுக்குக் கேஸ் இல்லையில்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் கருப்பர் பக்கம் திரும்பாமல் பூவை வைத்துவிட்டு வந்தேன்.

இந்த வருசம் வைகாசிப் பந்தயத்துக்கு முறையாக அனுமதி வாங்கிவிட்டார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பு, ஆம்புலன்ஸ், மாட்டு டாக்டர் எல்லாம் வந்தது. ஒலிபெருக்கியில், பார்க்க வருகிறவர்கள் தடுப்புக்கு வெளியே நின்று பத்திரமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கோட்டைச்சாமி ஏட்டு எல்லைக்கல் பக்கத்தில் காவலுக்கு நின்றார்.

நாகஜோதி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். கையில் குடம் இல்லை. கூட்டத்துக்குள் வரவில்லை. புளியமரத்தடிக்குப் போய், தேவா நின்ற அதே இடத்தில், ரோட்டுக்கு முதுகைக் காட்டி வயலைப் பார்த்து நின்றாள். அவனைப் போலவே கையைக் கட்டிக்கொண்டாள். ஏட்டு பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் வரவில்லை.

நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவளைப் போலத் திரும்பி நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரோட்டைப் பார்த்தே நின்றேன். வண்டிகள் போயின. அரை மணிக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சலங்கைச் சத்தம் நெருங்கும்போதெல்லாம் அவள் தோள் விறைத்துத் தளர்ந்தது.

ஒரு நேரத்துக்கு மேல் சத்தம் ஓய்ந்தது.

"கடைசி சோடி வந்துருச்சாக்கா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"இன்னும் ஒன்னு வரணும்."

அவள் அப்படியே நின்றாள். நானும் நின்றேன்.